எழும்பி நிற்கும் பலம்

ஆயுளைக் கூட்டும் மாத்திரை வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். ஒரு பக்கம் ஓஎல் படிக்கிற பிள்ளை, மறுபக்கம் பிறசர் குளிசையோடு இருக்கிற அம்மா. செய்தி முழுப் பொய்யும் இல்லை. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ரபமைசின் என்ற மருந்தை, மனிதக் கணக்கில் 60 வயதை எட்டிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2009இல் வெளியானது. பெண் எலிகள் 14 சதவீதமும் ஆண் எலிகள் 9 சதவீதமும் கூடுதலாக வாழ்ந்தன. முதுமையைத் தள்ளிப்போட்டு மனிதருடைய ஆயுளை எந்த மருந்தும் கூட்டியதாக இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஒரு நாள் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வீடுகளில், ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட ஒன்றை நாங்கள் ஒவ்வொரு நாளும் அம்மா அப்பாவிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கிறோம். அதையும் அன்பினால்தான் செய்கிறோம்.

“நீங்க இருங்க அம்மா, நாங்க பாப்பம்.”

மட்டக்களப்பில் வீடு மகளுக்குத்தான் போகும். மாப்பிள்ளை வந்து சேருவார். அம்மாவும் அப்பாவும் அதே வளவில், பின்பக்கம் ஒரு சின்ன வீட்டிலோ ஓர் அறையிலோ இருந்துகொள்வார்கள். வயதானவர்கள் தனித்துப்போகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அதே வளவுக்குள்தான் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வேலையும் அம்மாவின் கையைவிட்டுப் போகிறது. முதலில் கிணற்று வாளி போகும், மோட்டர் வந்துவிடும். அப்புறம் முற்றம் கூட்டுவது. பிறகு திருவலையில் இருந்து தேங்காய் திருவுவது. தரையில் பாய் போட்டுப் படுத்தவருக்குக் கட்டில் வரும், குந்தியிருந்தவருக்கு கொமட் வரும், விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை நிரந்தரமாக வரும். “எங்கட அம்மா இப்ப ஒரு வேலையும் செய்யிறல்ல, ராசாத்தி மாதிரி இருக்கா” என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1978 சூறாவளி, யுத்தம், 2004 சுனாமி என்று எல்லாவற்றையும் கடந்து வந்த தலைமுறை அது. அவர்களை இருத்திவைத்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுவது இயல்புதான்.

அந்தக் கதிரையைப் பற்றித்தான் ஆராய்ச்சி கடுமையாகப் பேசுகிறது.

நடுத்தர வயதைத் தாண்டினால் தசை வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையத் தொடங்குகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. அதிலும் முதலில் மெலிவது, சட்டென்று இயங்க உதவும் தசை நார்கள். கால் தடக்கும்போது அடுத்த அடியை உடனே வைத்து உடம்பைப் பிடித்து நிறுத்துவது அந்த நார்களின் வேலை. மெதுவாக நடப்பதற்கு அவை பெரிதாகத் தேவைப்படாததால் நடை சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஒரு நாள் படியில் கால் தடக்கும்போதுதான் இல்லாதது தெரியும். இந்தத் தசை இழப்புக்கு 1989இல்தான் மருத்துவத்தில் ஒரு பெயர் வைத்தார்கள், சார்கோபீனியா என்று. அதற்கென நோய்ப் பட்டியலில் ஒரு குறியீடு கிடைத்தது 2016இல். அதுவரை அது ‘வயசு’ மட்டும்தான்.

வயதுக்கும் சும்மா இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு விளங்கவைத்தது அமெரிக்காவின் டலஸ் நகரில் 1966இல் நடந்த ஓர் ஆய்வு. 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை 3 கிழமை கட்டிலில் படுக்கவைத்தார்கள். இதயமும் நுரையீரலும் தசையும் சேர்ந்து உடம்புக்கு எவ்வளவு ஒக்சிசன் கொடுக்கின்றன என்பதை முன்னும் பின்னும் அளந்தார்கள். பிறகு 30 வருடம் கழித்து, அதே ஐந்து பேரும் 50 வயதில் இருக்கும்போது மறுபடி தேடிப்பிடித்து அளந்தார்கள். 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட, இளவயதில் அந்த 3 கிழமைப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. அதோடு விடவில்லை, அந்த 50 வயதுக்காரர்களுக்கு 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். 30 வருடத்தில் போனது திரும்பி வந்தது.

வயதானவர்களுக்கு 3 கிழமைகூடத் தேவையில்லை. சராசரி 67 வயதுள்ள, ஒரு வருத்தமும் இல்லாத ஒரு சிறு குழுவினரை 10 நாள் படுக்கையில் வைத்த ஆய்வு 2007இல் வெளியானது. அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ கொழுப்பில்லாத சதை போயிருந்தது. இவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்ட, காய்ச்சல் இல்லாத மனிதர்கள். எங்கள் ஆட்கள் டெங்குவோடும் நிமோனியாவோடும் வார்ட்டில் படுக்கிறார்கள், வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல்.

என் பெரியம்மாவுக்கு நடந்தது அதுதான். ஆரையம்பதியில் மகளோடு இருக்கிறா. 70 தாண்டியும் வேலியோரம் கீரை பிடுங்கிக்கொண்டு திரிந்தவ. டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, இரத்தத் தட்டணுக்கள் சரியாகி, ‘சுகம்’ என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவவுக்குக் கட்டிலைவிட்டு எழும்ப ஏலாமல் போய்விட்டது. கையைப் பிடித்துத் தூக்கினால்தான் நிற்பா. “எனக்கு ஏலாது புள்ள, என்ன விடு” என்பதுதான் வந்த நாள் தொடக்கம் கதை. வந்து பார்த்த சொந்தக்காரர் எல்லாம் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: வயசு போயிற்று, இனி இப்படித்தான், படுக்க விடுங்க.

இந்த ‘இனி இப்படித்தான்’ என்ற முடிவை உடைத்த ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேரைச் சேர்த்துக்கொண்டார். சராசரி வயது 90. பல வருத்தங்கள் உள்ளவர்கள், மெலிந்தவர்கள். அவர்களுக்கு மெல்லிய கை கால் அசைவு சொல்லிக் கொடுக்கவில்லை அவர். காலை நீட்டி மடக்கும்போது உண்மையாகவே பாரம் தூக்க வைத்தார். அவர்களால் ஒரே தரத்தில் தூக்க முடிந்த உச்சப் பாரத்தின் 80 சதவீதம் வரை படிப்படியாகக் கொண்டுபோனார். 8 கிழமையில் தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. இரண்டு பேர் ஊன்றுகோலை விட்டார்கள். கையால் ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்ப ஏலாமல் இருந்த மூன்று பேரில் ஒருவர் எழும்பினார். 1990இல் இந்த முடிவு வெளியானது. பயிற்சியை நிறுத்தி 4 கிழமை போனதும், கிடைத்த உச்சப் பலத்தில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது.

10 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அவரே 1994இல் 100 பேரை வைத்து மறுபடி செய்தார். சராசரி வயது 87. இம்முறை நான்கு குழுக்கள்: பயிற்சி மட்டும், சத்துப் பானம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல். 10 கிழமைக்குப் பிறகு பயிற்சி செய்தவர்களின் பலம் இரட்டிப்புக்கு மேல் போயிருந்தது, படி ஏறும் ஆற்றலும் கூடியிருந்தது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அதனால் எந்த முன்னேற்றமும் வரவில்லை.

இதை வாசித்தபோது நான் நினைத்தது, வருத்தம் பார்க்கப் போகும்போது நாங்கள் வாங்கிக்கொண்டு போகும் டின்களைத்தான். பெரியம்மாவின் மேசையில் சத்துமா டின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலியைத் தின்றிருக்கும். வேலை இல்லாத தசைக்கு அந்தச் சத்து போய்ச் சேர வழியில்லை.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று இல்லை. 65 வயதுக்கு மேல் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. எங்கள் அம்மாமார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர், மீன் இல்லாத நாள் இல்லை. ஆனால் நடுத்துண்டு மருமகனுக்கு, அடுத்தது பேரப்பிள்ளைக்கு, அவவுக்குச் சோறும் ஆணமும். அந்தச் சாப்பாட்டில் புரதம் பத்துக் கிராமைத் தாண்டுவதே கஷ்டம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. கீரியும் சாளையும் நெத்தலியும் பெரிய விலையும் இல்லை, பல்லில்லாத வாய்க்கும் சுகம். ஒரு முட்டையில் 6 கிராம். அவித்த பயறு ஒரு கோப்பையில் 14 கிராம். அம்மாவுக்கு மீனை முதலில் போட்டுவிட்டு மற்றவர்களுக்குப் போடுவது எங்கள் வீடுகளில் வழக்கமாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

சரி, தரைக்கு வருவோம். பிரேசில் நாட்டில் க்ளோடியோ ஜில் அராவ்ஜோ என்ற மருத்துவர் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழும்பச் சொன்னார். மொத்தம் 10 புள்ளி. கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குறையும். 2012இல் வெளியான முடிவின்படி, 3 புள்ளியும் அதற்குக் கீழும் எடுத்தவர்களுக்கு, 8 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்தவர்களைவிட அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. இதை வாசித்துப் பயப்பட வேண்டாம். தரையிலிருந்து எழும்ப ஏலாமல் இருப்பது பல விஷயங்களின் அடையாளம்: தசை, மூட்டு, சமநிலை, எடை எல்லாம் அதில் தெரிகிறது. ஆனால் தரையில் இருந்து எழும்புவது வயதானவருக்குத் தேவையில்லாத சிரமம் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

தன்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2020இல் வந்தது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் அவர்களும் ஒரு நாளில் ஏறத்தாழ 10 மணித்தியாலம் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள், நகரத்து மனிதர் அளவுக்கு. வித்தியாசம், அவர்களுக்குக் கதிரை இல்லை. குந்தியும் முழங்காலிட்டும் இருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது கால் தசைகள் முழுக்க உறங்கிப்போவதில்லை என்று தசைகளில் கருவி பொருத்தி அளந்து காட்டினார்கள். திருவலையில் இருப்பதும், பன்பாய் இழைப்பதும், கோயில் தரையில் இருந்து எழும்புவதும் எங்கள் பாட்டிமாருக்குச் செய்துகொடுத்த வேலை இதுதான். அவர்கள் அதை உடற்பயிற்சி என்று நினைத்ததே இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயமாகிவிடும். இது எல்லா வயதானவருக்கும் உரிய கதை இல்லை. படுவான்கரையில் 75 வயதிலும் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து வயலுக்கு மருந்தடிக்கிற ஐயாமார் இருக்கிறார்கள். மகள் குவைத்திலோ சவூதியிலோ இருக்க, மூன்று பேரப்பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற அம்மம்மாமார் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் காலுக்கு வேலை கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், முழங்கால் வலிக்கு வைத்தியமும், பிள்ளைகளைப் பார்க்க ஒரு துணையும். நான் பேசுவது, ஓய்வு கொடுக்கும் வசதி வந்ததும் அதை அளவில்லாமல் கொடுத்துவிடுகிற எங்களைப் போன்ற வீடுகளைப் பற்றி.

விழுவதைப் பற்றியும் பேச வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார் என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. இடுப்பு எலும்பு முறிந்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார். எங்கள் ஊரில் மார்கழி மாரியில் கிணற்றடிச் சீமெந்து பாசி பிடித்துக் கிடக்கும். மலசலகூடம் வீட்டுக்கு வெளியே இருக்கிற வளவுகளில், இரவில் டோர்ச்சும் கையுமாக அந்தப் பாசியைத் தாண்டித்தான் போக வேண்டும். பாசியைத் தேய்த்துக் கழுவுவதும் ஒரு கைபிடிக் குழாய் பொருத்துவதும் ஒரு நாள் வேலை. அதோடு காலுக்கும் பலம் வேண்டும். 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, சமநிலைக்கும் கால் பலத்துக்கும் உரிய பயிற்சிகள் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கின்றன என்று கண்டது. நடை மட்டும் போதும் என்பதற்கு அதில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. மாலையில் கல்லடிப் பாலத்தில் நடப்பது இதயத்துக்கு நல்லது, மனதுக்கும் நல்லது, விடாமல் நடக்கட்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயில் சாய்ந்த பிறகு நடந்தால் போதும். ஆனால் எழும்பி நிற்கும் பலத்தைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

பெரியம்மாவுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பிசியோதெரபி பார்க்கிற ஒரு தங்கச்சி வீட்டுக்கு வந்து காட்டித்தந்த முறை. சுவரோடு சேர்த்து ஓர் உறுதியான மரக் கதிரை, பிளாஸ்டிக் வேண்டாம், சறுக்கும். அதன்மேல் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். முன்னால் மேசை. மேசையில் கை ஊன்றி எழும்ப வேண்டும், மெதுவாக இருக்க வேண்டும். தொப்பென்று விழுந்து இருக்கக் கூடாது, இறங்கும்போது தாங்குவதில்தான் பாதிப் பலன். சில தரம் செய்து களைத்துப்போனதும் நிறுத்தி, ஆறிவிட்டு மறுபடி. லேசாகிறது என்று தெரிந்ததும் ஒரு தலையணையை எடுத்தோம், பிறகு மற்றதை. பிறகு மேசையைத் தள்ளிவைத்தோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. லேசாகச் செய்துகொண்டே இருந்தால் தசை வளராது. முதல் இரண்டு கிழமை எங்களைத் திட்டித் தீர்த்தா. மூன்றாம் மாதம் போல, யாரும் சொல்லாமல் குசினிக்குப் போய்த் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டு நின்றா. மகள் வழமைபோல “நீங்க இருங்க” என்று வாயெடுத்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

நெஞ்சு வலி உள்ளவர்கள், அண்மையில் இதயத்துக்கோ கண்ணுக்கோ சத்திரசிகிச்சை செய்தவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிறசர் குளிசை எடுப்பவர்களுக்கு எழும்பும்போது தலை சுற்றினால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பிறசரைக் கட்டுப்பாட்டில் வைப்பது மூளைக்கும் காவல். சீனாவின் 326 கிராமங்களில் 34,000 பேரளவில் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களை வைத்து பிறசரை இறுக்கமாகக் குறைத்தபோது, 4 வருடத்தில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. காதையும் பாருங்கள். நடுவயதிலிருந்து காது கேளாமல் போவது மறதி நோய்க்கு முக்கியமான, தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்று என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு சொன்னது. அம்மா டீவியைச் சத்தமாக வைக்கிறா என்றால், முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குச் செலவில்லை.

சீனாவின் கதை எங்களுக்கு எட்டாத ஒன்றும் இல்லை. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் 30 கிராமப் பகுதிகளில் 2,645 பேரோடு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. வீடுவீடாகப் போய் பிறசர் அளந்து புத்தி சொன்னவர்கள் சாதாரண சுகாதார ஊழியர்கள். வழமையான கவனிப்பைவிட பிறசர் நன்றாகக் குறைந்தது. எங்கள் நாட்டு ஊழியர்களால் எங்கள் நாட்டுக் கிராமத்தில் முடிந்திருக்கிறது. இதை நாங்கள் இப்போதே செய்யவும் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். மாரி தொடங்குமுன் கூரை வேய்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கின் அவசரத்தை நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பகுதிகளில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. கூட்டம் கூடும், கொடுப்பனவு விஷயம் பேசுவார்கள், மரணச் சடங்குக்கு உதவுவார்கள், தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் இதற்கு வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். உறுதியான மரக் கதிரை பத்து, பிறசர் அளக்கும் கருவி ஒன்று, காட்டித்தர அந்த பிசியோதெரபித் தங்கச்சி. அவள் சம்மதித்துவிட்டாள். தலைவர் ஐயா, மண்டபத்தில் இருக்கிறதெல்லாம் பிளாஸ்டிக் கதிரை என்று இழுக்கிறார். பாடசாலையில் பழைய மர வாங்குகள் கிடக்கின்றன, அதிபரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். பெரியம்மா முதல் ஆளாக வந்து செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறா, ஒரு நிபந்தனையோடு: தேநீர் அதற்குப் பிறகு வர வேண்டும், முன்னம் வந்தால் ஒருவரும் எழும்ப மாட்டார்களாம்.